ரேடியோவில் சொன்னவன்

மூன்றாவது கேசட்டை டேப்ரெக்கார்டரில் செருகும்போது ஜெரால்ட் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். தஞ்சாவூரில் தங்கை ஃபெபியின் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து தன்னுடைய குரலையே கேட்டுக்கொண்டிருந்தான். எதிரே ஒரு பழைய பிஸ்கட் டின். அவன் ரேடியோவில் பேசியதும் பாடியதும் கேசட்டுகளாக, ஃபெபியின் குண்டுக் கையெழுத்தில் தேதி எழுதப்பட்டு அதற்குள் அடுக்கியிருந்தன. டொராண்டோவுக்குப் போய்ப் பத்து வருடங்கள் ஆகிவிட்டன. அங்கே வாரத்தில் ஐந்து நாள் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். சனி ஞாயிறுகளில் கிட்டாரை எடுத்துக்கொண்டு தமிழர் மண்டபங்களில் பாடினான். இந்த முறை ஊருக்கு வந்த நான்காம் நாள், புதிதாகத் தொடங்கியிருந்த பண்பலை நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், டெல்டாவோட முதல் ராக் பேண்ட் உங்களோடதுதான். திங்கட்கிழமை ஒரு மணி நேரம் ஸ்பெஷல் ஷோ பண்றோம். பழைய இன்டர்வியூ கேசட் இருந்தா எடுத்துட்டு வாங்க. அந்த ஃபைட் மேட்டர் கண்டிப்பா வேணும் சார்" என்றாள்.

ஃபைட் மேட்டர் இரண்டாயிரத்து இரண்டில் டொராண்டோ தமிழ் ரேடியோவில் அவன் சொன்னது. அதைத்தான் முதலில் போட்டுக் கேட்டான். "அவங்க அஞ்சு பேரு. நான் கிட்டாரைத் திருப்பிப் பிடிச்சேன். முதல் அடி ஒருத்தன் தோள்ல. ரெண்டாவது அடில கிட்டாரே ரெண்டாப் போச்சு. எங்க டிரம்மர் மருதையனைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வயக்காட்டு வழியா ரெண்டு மைல் ஓடினேன்." பேட்டி எடுத்தவர் மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. அஞ்சு பேர் என்பதைத் தவிர அதில் ஒரு வரிகூட நடக்கவில்லை என்று ஜெரால்டுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அடுத்து தொண்ணூற்றேழில் சென்னையில் கொடுத்த பேட்டி. அதில் கிட்டார் உடையவில்லை, தோளில் தூக்கிக்கொண்டு ஓடவும் இல்லை. "எங்க டிரம்மர்தான் இதே மாதிரி ஒரு ரேடியோ நிகழ்ச்சில உண்மையைப் போட்டு உடைச்சாரு. பேசினது வாய். போனது கை" என்று சொல்லி நிறுத்தியிருந்தான். இரண்டு விநாடி மௌனம். நிலையத்துக்கு ஆட்டோவில் போகும்போது அந்த மௌனத்தையும் சேர்த்தே ஒத்திகை பார்த்தது நினைவுக்கு வந்து அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாவது கேசட்டின் மேல் 22.1.95 என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இளைஞர் நிகழ்ச்சி, நேரலை. அதை அவன் ஒலிபரப்பான பிறகு ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வித்யாலக்ஷ்மி என்ற அறிவிப்பாளர் ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பதுபோல் பேசினார். "'வெட்டாறு' என்று உங்கள் குழுவுக்குப் பெயர் வைக்கக் காரணம்?" மருதையன் கூச்சத்தோடு சிரித்தான். "எங்க வீடு வெட்டாத்தங்கரைல இருக்குங்க மேடம். வேற பேரு தோணல." பேஸ் கிட்டார் வாசித்த ரகுராமன், பிற்பாடு கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போனவன், ஏதோ முணுமுணுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு 'புழுங்கல்' என்ற அவர்களுடைய பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. நெல் அவிக்கும் தொட்டியின் சூட்டில் ஒரு மனிதன் கத்துவதுபோல் அமைந்த பாட்டு அது. "இது யாருடைய அனுபவம்?" என்று வித்யாலக்ஷ்மி கேட்டார்.

ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். அதற்குப் பின்னால், மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசும் மருதையனின் குரல், தாழ்வாக, ஆனால் தெளிவாக: "அது வேணாம் ஜெரால்டு. அண்ணன் பேரு வேணாம்."

உடனே ஜெரால்டின் சிரிப்பு. "சொல்றேன் மேடம், பயப்பட என்ன இருக்கு? இவனோட அண்ணன்தான். பஞ்சநதம்னு பேரு. செங்கழனில பாலத்தை ஒட்டி மஞ்ச பெயின்ட் அடிச்ச ரைஸ் மில் ஒண்ணு இருக்கு. அங்க நெல் அவிக்கிற வேலை. ரெண்டு மூட்டை அரிசி காணோம்னு இவரைத் தூண்ல கட்டி வச்சு, மெஷின் பெல்ட்டால அடிச்சாங்க. ஒரு பகல் முழுக்க. மூத்திரம் போறதுக்குக்கூட அவுத்து விடல மேடம். நின்ன எடத்துலயே போயிட்டாரு. கடைசில பாத்தா மூட்டை லாரிலயே இருந்திருக்கு."

ஜெரால்ட் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். நான்கு முறை கேட்டான். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்தது. ஃபெபி சமையலறை வாசலில் காய் நறுக்கும் கத்தியோடு நின்றிருந்தாள்.

"இது நான்தானா?" என்றான்.

"வேற யாரு?"

"மருதையன்தானே சொன்னான். அவனே சொன்னானே, அவன்தான் சொன்னதா."

"ரெக்கார்ட் பண்ணது நான்தாண்ணே. அன்னிக்கே எனக்குத் தெரியும்." ஃபெபி கத்தியைப் பார்த்தபடி பேசினாள். "நீ சென்னைல அப்படிப் பேசினதக் கேட்டப்ப, உனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சேன். கனடா கேசட் வந்தப்ப, உனக்கு மறக்கல, மாத்திட்டேன்னு நெனச்சேன். எதுன்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

அது எதுவென்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் நடந்தது ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கியது.

அந்த நேரலை முடிந்து இருபதாம் நாள், செங்கழனிக்கு இரண்டு ஊர் தள்ளி லூர்து மாதா கோயில் திருவிழாவில் 'வெட்டாறு' கச்சேரி. தேர் பவனிக்கு முன்னால், மாலை ஐந்து மணிக்கு. டிராக்டர் டிரெய்லரையே மேடையாக்கியிருந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவே ஒரு ஜீப் கூட்டத்துக்குள் நுழைந்தது. ஜனங்கள் விலகினார்கள். மில் முதலாளியின் தம்பி மகனும் வேறு நான்கு பேரும் இறங்கினார்கள். நிகழ்ச்சியை அவர்கள் கேட்டதில்லை; பஞ்சநதத்தின் தம்பி ரேடியோவில் பேசினான் என்றுதான் செங்கழனியில் பேச்சு. அவர்கள் யாரையும் திட்டவில்லை, கத்தவில்லை. அதுதான் ஜெரால்டைப் பயமுறுத்தியது. கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றிவிட்டு டிரெய்லரின் பின்பக்கம் குதித்து, சக்கரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையில் புகுந்துகொண்டான். தலைக்கு மேலே பலகையில் டிரம் செட் சரிந்து விழும் சத்தம். மருதையனை முடியைப் பிடித்து இழுத்து வந்து தரையில் தள்ளினார்கள். இருவர் அவன் மார்பின் மேல் உட்கார்ந்தார்கள். ஒருவன் வலது கையை இழுத்து டிரெய்லரின் இரும்பு விளிம்பில் வைத்துப் பிடித்தான். "ரேடியோல வாயி நல்லா நீண்டுச்சாமே? உங்கண்ணன் மூத்திரம் போன கதை ஊருக்கே தெரியணுமா?" என்றான் தம்பி மகன். அவன் கையில் ஜீப்பின் ஜாக்கி லீவர் இருந்தது.

மருதையனின் முகம் சக்கரத்துப் பக்கம் திரும்பியிருந்தது. மூன்றடி தூரத்தில் குந்தியிருந்த ஜெரால்டை அவன் பார்த்தான். 'நான் இல்லை, இவன்தான்' என்று சொல்ல அவனுக்குப் போதிய நேரம் இருந்தது. கண் மட்டும் ஜெரால்டின் மேலேயே இருந்தது. முதல் அடியில் கேட்டது இரும்பின் சத்தம். இரண்டாவது அடியில் பச்சை மூங்கில் பிளப்பதுபோல் வேறொரு சத்தம். மூன்றாவது அடிக்குப் பிறகுதான் மருதையன் கத்தினான். பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஜீப் வந்த வழியே நிதானமாகத் திரும்பிப் போனது. சுண்டுவிரல் தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஜெரால்ட் கூட்டம் கலைகிற வரை வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரியில், ரேடியோவில் சொன்னது யார் என்று பஞ்சநதம் கேட்டபோது, "நான்தாண்ணே வாய்விட்டுட்டேன்" என்றான் மருதையன். ஜெரால்ட் பக்கத்தில்தான் நின்றிருந்தான். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு உண்மை தெரியும். இரண்டு வருடம் கழித்து சென்னையில் மைக் முன்னால் உட்கார்ந்தபோது தெரிந்ததா என்றால், சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை மச்சானின் மாருதி காரை எடுத்துக்கொண்டு திருவையாற்றுக்குப் போனான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மருதையன் மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். கூம்பு ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயர்களும் கூரை வரை அடுக்கியிருந்தன. இடது கையால் சால்டரிங் செய்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து, "வா ஜெரால்டு, வந்திருக்கேன்னு சொன்னாங்க" என்றான். வலது கை மேசைமேல் கிடந்தது. சுண்டுவிரல் இல்லை. மற்ற விரல்களில் மூன்று மடங்காமல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மருதையனின் மனைவி பூவம்மாள் உள்ளே ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"பழைய கேசட் கேட்டேன்டா. தொண்ணூத்தஞ்சு" என்றான் ஜெரால்ட்.

"ம்."

"நான்தான் சொல்லியிருக்கேன். நீ வேணாம்னு சொல்ற, அது கேக்குது."

மருதையன் சால்டரிங் கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்கு இப்பதான் தெரியுமா?"

"ஏன்டா நீதான் சொன்னதா சொன்ன?" என்றான் ஜெரால்ட்.

"ஆஸ்பத்திரிக்கு அண்ணன் வந்தப்ப இடுப்புல அருவா இருந்துச்சு. நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிக்கிற. நான் என்ன சொல்ல முடியும்? அந்த நேரத்துக்கு அது தோணுச்சு, அவ்வளவுதான்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல."

"அப்புறம் நீ ஊர்ல இல்லியே. ஆள் இல்லாதப்ப சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்ற மாதிரி இருக்கும்." மருதையன் குரல் உயரவில்லை. "கை போனது போவட்டும் ஜெரால்டு. கட்டி வச்சு அடிச்ச விஷயம் அண்ணிக்கே தெரியாது. தொட்டிப் படில விழுந்துட்டேன்னுதான் சொல்லி வச்சிருந்தாரு. நான் குடிச்சிட்டு அழுதப்ப உன்கிட்ட சொன்னேன். நீ அதை ஊருக்குச் சொன்ன. டீக்கடையில அவரைப் பாத்து, பாத்ரூம் அந்தப் பக்கம்னு கை காட்டுனானுங்க. நாலே மாசத்துல குவைத்துக்குப் போயிட்டாரு. திரும்பி வந்து மூணு வருஷம் ஆச்சு. ஒரே வாசல்ல குடியிருக்கோம். என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. அம்மா செத்தப்ப பாடையில ஒரு பக்கம் அவரு, ஒரு பக்கம் நான். அப்பவும் பேசல."

உள்ளே ஒயர் சுற்றும் சத்தம் நின்றிருந்தது. பூவம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள். "என்கிட்டகூட நீங்கதான் சொன்னதாத்தானே சொன்னீங்க" என்றாள் கணவனிடம். அவள் ஜெரால்டின் பக்கம் திரும்பினாள். "கேசட்டு கைல இருக்கா?"

"கார்ல இருக்கு."

"கார்ல டேப்பு பாடுமா?"

"பாடும்."

"அப்ப எந்திரிங்க. மூத்தாரு வயல்ல இருக்காரு."

"ஏய், அதெல்லாம் வேணாம்" என்றான் மருதையன்.

"ஒங்க 'வேணாம்' எந்தக் காலத்துல எடுபட்டுச்சு?" என்று சொல்லிவிட்டு அவள் கடையின் ஷட்டரை இழுத்தாள்.

சம்பா அறுவடை முடியும் நேரம். பஞ்சநதம் குத்தகைக்கு எடுத்திருந்த வயலில் அறுவடை மெஷின் இறங்கியிருந்தது. அவர்கள் போனபோது மெஷின்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கருவை மர நிழலில் ஐந்தாறு பெண்கள் தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். பஞ்சநதம் மண்வெட்டியால் வாய்க்கால் மடையை அடைத்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. முறுக்கேறிய கால்கள். பனியனுக்கு மேலே, கழுத்தின் பின்புறத்தில் பட்டையாக ஒரு தழும்பு தெரிந்தது. தம்பியைப் பார்க்காமல் அவன் மனைவியிடம் மட்டும் பேசினார்.

"என்ன புள்ள?"

"ஒரு கேசட்டு கேக்கணும் மூத்தாரே. ரெண்டு நிமிஷம்."

ஜெரால்டை அவர் அப்போதுதான் அடையாளம் கண்டார். "நீ மாதா கோயில் தெரு பெரியநாயகசாமி வாத்தியார் மவன்தானே? வெளிநாட்டுல இல்ல இருந்த?" என்றார். ஜெரால்ட் தலையாட்டிவிட்டு, காரின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து கேசட்டைப் போட்டான். அவர் கீழே வாய்க்கால் ஓரம் நிற்கிறார், அவருக்குக் கேட்க வேண்டும் என்று மட்டும்தான் அவன் நினைத்தான். சத்தத்தைக் கூட்டினான்.

வித்யாலக்ஷ்மியின் கேள்வி வயல்மேல் போனது. நாற்காலி இழுபட்டது. 'அது வேணாம் ஜெரால்டு. அண்ணன் பேரு வேணாம்.' பஞ்சநதம் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மண்வெட்டிக் காம்பைப் பிடித்திருந்த கை மட்டும் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. பஞ்சநதம்னு பேரு. மஞ்ச பெயின்ட் அடிச்ச மில். தூணில் கட்டி வச்சு. மர நிழலில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த பெண்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். மெஷின்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் ஜெரால்டுக்கு உறைத்தது. அந்த மனிதரை அவருடைய சொந்த வயலில், அவரிடம் வேலை செய்கிறவர்களுக்கு முன்னால், மறுபடியும் தூணில் கட்டிக்கொண்டிருந்தான். காருக்குள் பாய்ந்து கையை நீட்டினான்.

"இருக்கட்டும்" என்றார் பஞ்சநதம். "முழுசா பாடட்டும்."

முழுசாகப் பாடியது. மூத்திரம், நின்ன இடம், லாரியில் இருந்த மூட்டை, வித்யாலக்ஷ்மியின் 'அடடா' வரைக்கும். பூவம்மாள் குனிந்து பொத்தானை அமுக்கி நிறுத்தினாள்.

"தம்பி, இறங்கி வா" என்றார் பஞ்சநதம் ஜெரால்டிடம்.

ஜெரால்ட் கரையிலிருந்து இறங்கினான். மண்வெட்டிக் காம்பின் முதல் அடி தோளில் விழுந்தது. கை முழுதும் மரத்துப்போனது. இரண்டாவது அடி விலாவில். மூச்சு நின்றது. அவர் வைக்கோல் புரட்டுகிற மாதிரி, அவசரமில்லாமல், ஒவ்வொரு அடிக்கும் காலை மாற்றி வைத்து அடித்தார். மூன்றாவது அடி வாயில் பட்டு, பல் ஒன்று நாக்கின் மேல் உதிர்ந்தது. ஜெரால்ட் வாய்க்காலுக்குள் சரிந்து சேற்றில் மல்லாந்தான். அந்த வலிக்கு நடுவிலும், 'அவர் மண்வெட்டியை ஓங்கினார், நான் ஒரு அங்குலம்கூட நகரவில்லை' என்று தலைக்குள் ஒரு குரல் சொல்லத் தொடங்கியிருந்தது. ரேடியோவில் பேசுகிற குரல். அதை நிறுத்த முடியாததுதான் அடியைவிட அவனுக்கு அருவருப்பாக இருந்தது. மர நிழலில் ஒரு பெண் ஐயோ என்று அலறினாள்.

பஞ்சநதம் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தார். இப்போது இரும்பு மேலே இருந்தது. அவர் கண்களில் கோபம் இல்லை. ஒரு வேலையை முடிக்கிறவரின் கண்கள். இரும்பு மேலே போனது. மருதையன் கரையிலிருந்து குதித்து, நடுவில் விழுந்து, கையை நீட்டினான். அவனுக்கு முன்னால் நீண்டது வலது கைதான். மண்வெட்டியின் முதுகு புறங்கையில் இறங்கியது.

பஞ்சநதம் மண்வெட்டியைப் பின்னுக்கு இழுத்தார்.

"அண்ணே" என்றான் மருதையன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அறிவிருக்காடா ஒனக்கு?" பஞ்சநதம் கத்தினார். தொண்டை கிழிந்துவிடும்போல இருந்தது. "இரும்பு வர்ற எடத்துல கைய நீட்டுற? எவனுக்காகடா நீட்டுற? அன்னிக்கும் இவனுக்குத்தான், இன்னிக்கும் இவனுக்குத்தானா?"

"இவனுக்கு இல்லண்ணே. நீ ஜெயிலுக்குப் போயிடுவியே."

பஞ்சநதம் மண்வெட்டியைத் தூக்கி எறிந்தார். அது அறுத்த நெல்தாள்களுக்குள் போய் விழுந்தது. தம்பியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் விழும் தொட்டிக்குப் போனார். ஸ்விட்சைத் தட்டினார். மோட்டார் இரண்டு முறை செருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. பூவம்மாள் இடத்தைவிட்டு நகரவில்லை. கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெரால்ட் முழங்கையை ஊன்றி எழுந்து சேற்றிலேயே உட்கார்ந்தான். மேல்சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பண்பலை நிலையத்துப் பெண்ணின் எண். வாயிலிருந்து ரத்தம் திரையின்மேல் சொட்டியது. போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டான். அது அடித்து ஓய்ந்தது. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தொட்டியடியில் பஞ்சநதம் தம்பியின் கையைத் தண்ணீருக்கடியில் பிடித்திருந்தார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு அமுக்கிப் பார்த்தார். உடைந்து பதிமூன்று வருடமாகியும் அந்தக் கையை அவர் தொட்டதில்லை.

"இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"அது பழசுண்ணே."

அவர் அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டி நிறைந்து வழிந்தது. மடை பாதிதான் அடைபட்டிருந்தது. தண்ணீர் வைக்கோல் துரும்புகளைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் மெதுவாக வந்து, ஜெரால்டின் பாதத்தைத் தொட்டு, இரண்டு பக்கமும் பிரிந்து, இடுப்பு வரை ஏறியது. குளிர்ந்திருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.